மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மழையில் நிற்கவில்லை

என் ஸ்டெல்லாவுக்கு, மாதா கோயில் மேட்டில் டர்பன்டைன் மரங்களுக்குக் கீழே தூங்குகிறவளுக்கு,

பூண்டுலோயாவிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் நேற்றும் கண்ணயர்ந்துவிட்டேன். ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. பாதி விழிப்பில் பார்த்தால் நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நனைந்த குடையைக் காலடியில் போட்டுக்கொண்டு. "யோகா, எறங்குற எடம் வந்துருச்சுடி" என்றாய். கண்ணைத் திறந்தேன். நிஜமாகவே இறங்கும் இடம். நீ எழுப்பாவிட்டால் யார் எழுப்பியிருப்பார்கள்? இதையெல்லாம் வேறு யாரிடமும் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். உன்னிடம் சொல்லலாம்.

நீ போய் ஒரு வருடமாகப் போகிறது. இந்த வருடம் நம் பள்ளிக்கூடத்தில் நடந்ததை உனக்கு யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, நான் சொன்னால்தான் உனக்குத் திருப்தியாக இருக்கும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நானும் ஸ்டெல்லாவும் ஒரே பயிற்சிக் கலாசாலையில் படித்து, ஒரே நாளில் இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்கள். அவள் மூன்றாம் வகுப்பு, நான் இரண்டாம் வகுப்பு. நடுவில் பாதிச் சுவர்தான். அவள் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னால் என் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லும். எங்கள் ஆசிரியர் சங்கத்தின் கிளைச் செயலாளராக இருந்தவள் அவள்தான்.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு கிளைக் கூட்டம் ஒன்று வைத்தார்கள். உன் இடத்துக்கு யார் என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மூத்தவரான சந்திரசேகரன் சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யோகேஸ்வரி டீச்சர் ஒரு கூட்டமும் தவறவிட்டதில்லையே, அவங்களே இருக்கட்டும்" என்றார். கூட்டத்துக்கு நான் உனக்குத் துணைக்கு வந்தவள். நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். மைக்கைப் பிடித்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன். பெயருக்குத்தானே என்று நினைத்தேன்.

உன் வகுப்புக்கு டீச்சராகப் பிரதீபா என்று ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். நம் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள், அவள் அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். பிரதீபாவுக்குக் கைக்குழந்தை ஒன்று இருக்கிறது. இடைவேளையில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு, மூச்சிரைக்க வந்து கரும்பலகை முன்னால் நிற்பாள். முதல் நாள் உன் மேசையில் உட்காராமல் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்தாள். "ஏன் பிள்ளை?" என்று கேட்டதற்கு, "கொஞ்ச நாள் போகட்டும் டீச்சர்" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

போன மழைக்காலத்தில், நம் தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் ஒரு கட்டடம் திறக்கப் பெரிய மனிதர் ஒருவர் வரப்போகிறார் என்று பேச்சு வந்தது. நம் பள்ளிக்கூட அதிபருக்கு யாரோ தொலைபேசியில் சொன்னார்களாம், பிள்ளைகள் எல்லோரும் வெள்ளைச் சீருடையோடு, கையில் கொடியோடு, பாதை ஓரம் வரிசையாக நிற்க வேண்டும் என்று. எழுத்தில் எதுவும் இல்லை. நம் அதிபரை உனக்குத் தெரியுமே, மேலே இருந்து குரல் கேட்டால் கதிரையை விட்டு எழுந்து நின்றுதான் பதில் சொல்வார்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. கொட்டும் மழை இல்லை, நம் ஊரில் பனியோடு கலந்து வருமே, குடைக்குள்ளேயும் புகுந்து நனைக்கும் மழை. நான் என் பிள்ளைகளை வரிசையில் விட்டுக்கொண்டிருந்தேன். உன் வகுப்பு மட்டும் வெளியே வரவில்லை. அதிபர் போய்க் கேட்டார். பாதிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாம் கேட்டேன்.

"பிரதீபா டீச்சர், ஏன் இன்னும் லைனுக்கு வரல?"

"சேர், கவினுக்கு நேத்துதான் மூச்சு இழுப்பு நின்னுச்சு. இன்னும் ரெண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருது. மழையில நிக்க வைக்க மாட்டேன் சேர்."

"மூனு பிள்ளைய விட்டுட்டு மத்தவங்கள கூட்டிட்டு வாங்க."

"மத்தவங்களுக்கும் நனையுமே சேர்."

கோபமே இல்லாமல் சொன்னாள், ஸ்டெல்லா. கணக்கில் மிச்சம் என்னவென்று கேட்டால் பதில் சொல்வது போலச் சொன்னாள். அதிபர் திரும்பிப் போய்விட்டார். நான் என் வரிசையைப் பார்த்தேன். சின்னச் சின்ன முழங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நானும் என் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டேன், அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, சின்ன வகுப்பு என்று விட்டிருக்கலாம். வரவேண்டியவர் மத்தியானம் கழித்துத்தான் வந்தார். வாகனக் கண்ணாடி ஏற்றியபடியே போய்விட்டார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கொடி நனைந்து சாயம் கையில் ஒட்ட, திரும்பி வந்தார்கள்.

ஆனால் மூன்றாம் வகுப்பு நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். அடுத்த வாரம் பிரதீபாவுக்கு இடமாற்றம் வந்தது. "சேவையின் தேவை கருதி" என்று காரணம். பொல்பிட்டியவுக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கூடம். பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறிப் போய் வர முடியாது. அங்கேயே தங்கலாமென்றால் துணைக்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை.

அவள் என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், நான் பேசாம போயிடவா? என்னால உங்களுக்கெல்லாம் கரைச்சல் வேணாம்" என்றாள். நீ இருந்திருந்தால் அந்த நிமிடமே என்ன சொல்லியிருப்பாய்? எனக்கு வாயில் வந்தது இவ்வளவுதான்: "இரு. சனிக்கிழமை கூட்டம் வைக்கிறேன்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. என் நிலைமை உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ஹட்டன் தபால் கந்தோரில் வேலை. அங்கே ஓர் அறை, இங்கே ஓர் அறை என்று எத்தனை வருடமாக ஓடுகிறது. ஹட்டனுக்கு மாற்றம் கேட்டு நான் எழுதியது அப்போதுதான் முடிகிற கட்டத்தில் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டியதும் பிரதீபாவை மாற்றிய அதே வலயக் கல்விக் காரியாலயம்தான். அந்த வாரமெல்லாம் கொழுந்து மலைக்கு நடுவில் நடந்து போகும்போது உன்னோடு பேசிக்கொண்டே போனேன். பனிக்குள் முன்னால் யாரோ போகிற மாதிரியே இருக்கும். கொஞ்சம் வேகமாக நடந்தால் தேயிலைச் செடியாக, மின்கம்பமாக ஆகிவிடும். நீ பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டாலும் கூடவே நடந்தாய் என்று வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் மாதா கோயில் பக்கத்து அறையில் கூடினோம். வந்தவர்கள் கொஞ்சப் பேர். அவர்களும் கதவுப் பக்கமாகவே உட்கார்ந்தார்கள். சந்திரசேகரன் சேர்தான் முதலில் பேசினார்.

"ஒரு மனு எழுதி அனுப்புவோம். பதில் வரட்டும். அவசரப்பட்டா எல்லாருக்கும் மாத்தல் வரும் டீச்சர்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் மனைவியைக் கிழமை தவறாமல் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். தூரத்துக்கு ஒரு மாற்றம் வந்தால் அந்த வீடு என்ன ஆகும்? பதில் வருவதற்குள் பிரதீபா போய்ச் சேர வேண்டிய நாள் வந்துவிடுமே என்று ஒருவர் சொன்னார். பிரதீபா குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் கூடை வைக்கிற சத்தம் கேட்டது. கவினின் அம்மா லெச்சுமி. அரைநாள் வேலை முடிந்து அப்படியே வந்திருந்தாள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் சில தாய்மார்.

"உள்ளுக்கு வரலாமா டீச்சர்?"

"வாங்க லெச்சுமி."

"எம் புள்ளைய மழையில நிக்க வைக்கலைன்னு தானே அவங்கள மாத்துறாங்க? அப்ப இது எங்க விசயமும் தானே. நீங்க இதக் கேக்கக் கல்விக் கந்தோருக்குப் போனா நாங்களும் வர்றோம்."

சந்திரசேகரன் சேர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, உங்க தோட்டத் தொழிலாளர் சங்கம் வேற, எங்க டீச்சர்மார் சங்கம் வேற. கலந்தா பிரச்சினை பெரிசாகும்."

லெச்சுமி அவரை மரியாதையாகத்தான் பார்த்தாள். "தெரியும் சேர். ஸ்டெல்லா டீச்சர் பெஞ்சு தூக்குனப்ப நாங்க எந்தச் சங்கம்னு அவங்க கேக்கலைங்களே."

எல்லோருக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது.

கீழ் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை சரிந்த காலத்தைத்தான் அவள் சொன்னாள். நல்ல வேளை, உயிர் ஒன்றும் போகவில்லை. வீடுகள் மண்ணுக்குள் போய், குடும்பங்கள் எல்லாம் நம் வகுப்பறைகளில் படுத்திருந்தன. கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். சனங்களை மைதானத்தில் கூடாரத்துக்கு அனுப்பலாம் என்று நம்மவர்களிலேயே சிலர் சொன்னார்கள். நீ எழுந்தாய். "இந்தக் குளிர்ல சனத்த வெளிய அனுப்பிட்டு, நாம உள்ளுக்க இருந்து என்னத்த படிச்சிக் குடுக்கிறது? அவங்க இருக்கட்டும். பெஞ்ச நாம தூக்குவோம்" என்றாய். சங்கத்தின் பெயரில் அதிபரிடம் நீயே போய்ப் பேசினாய். ஃபாதரிடம் கேட்டு மாதா கோயிலில் உன் வகுப்பு, அம்மன் கோயில் மண்டபத்தில் என் வகுப்பு. பெஞ்சின் ஒரு முனை நீ, மறுமுனை நான், சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறினோம். அந்த நாட்கள் எனக்கு இப்போதும் கனவு போலத்தான் இருக்கின்றன. தகரத்தில் மழை, மெழுகுதிரி வாசம், உன் பிள்ளைகள் பாடம் வாசிக்கிற சத்தம் உயரமான கூரையில் பட்டுத் திரும்பி வரும். மாதாவே அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்கிறாள் என்பாய். புதிய வீடுகளுக்கு இடம் கிடைக்கும்வரை அப்படியே நடத்தினாய். உனக்கு அப்போதே உடம்பு சரியில்லாமல் இருந்ததா, ஸ்டெல்லா? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

நான் எழுந்து நின்றேன். "திங்கக்கிழம நான் காரியாலயத்துக்குப் போறேன். வரக்கூடியவங்க வாங்க. வர முடியாதவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்றேன். சங்கத்தில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். பேச்சு என்று சொல்லக்கூடியதும் இல்லை.

திங்கட்கிழமை நானும் பிரதீபாவும் இன்னும் மூன்று நான்கு ஆசிரியர்களும் லீவு போட்டுக்கொண்டு போனோம். தாய்மார் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்காமல், பஸ்ஸிலும் நடையிலுமாக வந்து சேர்ந்தார்கள். "சத்தம் போட வேணாம். பாதைய மறிக்க வேணாம்" என்று நான் கேட்டுக்கொண்டேன். "சத்தம் போட்டா புள்ளைக எந்திரிச்சிரும் டீச்சர்" என்றாள் லெச்சுமி. பாதிப் பேர் இடுப்பில் குழந்தை. காரியாலய முற்றத்தில் நீலமும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் சீட்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அங்கேயும் அதே மழை, அதே பனி.

உள்ளே பொறுப்பதிகாரி ஓர் அம்மா. சிங்களவர், ஒசரிச் சேலை, கண்ணாடி, களைத்த முகம். "வாடிவென்ன, மிஸ்" என்று உட்காரச் சொன்னார். நான் சிங்களத்தில் சொல்ல வேண்டியதைச் சனிக்கிழமை இரவிலிருந்து மனப்பாடம் செய்திருந்தேன். சட்டம், சுற்றுநிருபம், நிர்வாக நடைமுறை எல்லாம். உட்கார்ந்ததும் ஒன்றும் வரவில்லை. நீயாக இருந்தால் அந்த மேசையில் கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்திருப்பாய். நான் கடைக்காரரிடம் பேசுகிற சிங்களத்திலேயே பேசினேன்.

"மேடம், அந்தப் பிள்ளையின் பெயர் கவின். குளிரில் நின்றால் அவனுக்கு மூச்சு இழுக்கும். எங்கள் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் கிடைக்காது. அது டீச்சருக்குத் தெரியும். அதனால் பிள்ளைகளை மழையில் நிறுத்தவில்லை."

"அதிபர் சொன்னதை மீறியது தவறுதானே, மிஸ்?"

"மீறினார்தான் மேடம். அன்றைக்கு அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் இழுப்பு வரவில்லை."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். மேலிடத்திலிருந்து வந்தது, தன் கையில் இல்லை என்பது போல ஏதோ சொன்னார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கண்ணாடிக்கு வெளியே பனி இறங்கி முற்றத்தை மூடியிருந்தது. முன்வரிசைப் பிளாஸ்டிக் சீட்டுகள் மட்டும் தெரிந்தன. அதற்குப் பின்னால் நிறங்கள் மங்கி, இன்னும் மங்கி, வாசல் கேற் வரைக்கும், அதற்கு அப்பாலும் ஆட்கள் நிற்பது போல இருந்தது. வந்தவர்கள் எவ்வளவு பேர் என்று எனக்குத் தெரியும், ஸ்டெல்லா. ஆனால் அந்த ஜன்னலில் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்?"

"நான் கூட்டி வரவில்லை மேடம், அவர்களே வந்தார்கள். எத்தனை பேர் என்று பனி விலகினால்தான் சொல்லலாம்."

ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா சட்டென்று திரும்பினார். "கைக்குழந்தைகளோடு ஏன் மழையில் நிற்க வைத்திருக்கிறீர்கள், மிஸ்? உள்ளே விறாந்தைக்கு வரச் சொல்லுங்கள்" என்றார்.

சொல்லி முடித்ததும் அவரே நின்றுவிட்டார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "இடமாற்றத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். விசாரணை முடியும் வரை அவர் அங்கேயே படிப்பிக்கட்டும்" என்றார். பியோனைக் கூப்பிட்டு விறாந்தைக் கதவைத் திறக்கச் சொன்னார்.

வெளியே வந்தபோது விறாந்தைப் படியில் சந்திரசேகரன் சேர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தன் குடையை ஒரு தாய்க்கும் குழந்தைக்கும் பிடித்துக்கொண்டு அவர் நனைந்திருந்தார். "ஆஸ்பத்திரி நாளைக்குத்தான். அதான் வந்தேன்" என்றார், ஏதோ கணக்கு ஒப்புவிப்பவர் போல.

விசாரணையில் அதிபரும் உண்மையைச் சொன்னார். தொலைபேசியில்தான் உத்தரவு வந்தது, எழுத்தில் இல்லை, தனக்கும் அது மனதுக்கு ஒப்பவில்லை என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தது எனக்கு எவ்வளவு ஆச்சரியம் என்று நீ நினைத்துப் பார். மாற்றம் ரத்தானது. அந்த நாளைக்குப் பிறகு நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைப் பாதையில் நிறுத்தச் சொல்லி ஒரு தொலைபேசியும் வரவில்லை. இனி வராது என்று சொல்ல மாட்டேன். பிரதீபா இப்போது உன் மேசையில் உட்காருகிறாள். கவின் ஏழாம் வாய்ப்பாட்டை உன் ராகத்தில்தான் சொல்கிறான். அந்த ராகம் அவனுக்கு எப்படித் தெரியும்? போன வருடம் என் வகுப்பில் இருந்தபோது சுவரைத் தாண்டி வந்ததைக் கேட்டுப் பிடித்திருப்பான்.

எனக்கு ஹட்டன் கிடைக்கவில்லை. இடமாற்றப் பட்டியல் வந்தது, என் பெயர் இல்லை. என் இடத்துக்குப் பதில் ஆசிரியர் இல்லை என்றார்கள். அது மட்டும்தான் காரணமா? யாரிடம் கேட்பது? என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிப் போன் பண்ணினேன். "விடு யோகா, அடுத்த வருசம் பாப்போம். எங்க கந்தோர்ல ஒன்னப் பத்திப் பேசுறாங்க தெரியுமா? அந்த டீச்சர் ஒங்க வீட்டு ஆளான்னு கேட்டாங்க. ஆமான்னேன்" என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன். கவலை பாதி, என்னவென்று தெரியாதது பாதி. அடுத்த நாள் காலையில் மேட்டில் ஏறும்போது பனி விலகி, எதிர்மலை முழுக்க வெயில் விழுந்திருந்தது. இதைவிட்டு உடனே போகவேண்டியதில்லை என்று நினைத்தபோது மனசு கொஞ்சம் லேசானது. இதை அவரிடம் சொல்லிவிடாதே.

கடைசியாக வைத்திருக்கிற செய்திதான் பெரிய செய்தி. உன் மகள் அனிஷாவுக்குக் கல்வியியற் கல்லூரி கிடைத்துவிட்டது. ஆரம்பக் கல்விதான் எடுத்திருக்கிறாள். "சின்னம்மா, நானும் டீச்சராகப் போறேன்" என்று போனில் சொன்னபோது, ஒரு நொடி யார் குரலென்று எனக்குக் குழம்பிவிட்டது. உன் குரலில் அந்த மூக்கடைப்பு இருக்குமே, அப்படியே அவளுக்கும் இருக்கிறது.

போன மாதக் கூட்டத்துக்கு அவள் வந்தாள். இப்போது நம் கூட்டங்களுக்குத் தாய்மாரும் வருகிறார்கள். லெச்சுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்து இறங்கி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "சின்னம்மா, பிரதீபா டீச்சர் மாட்டேன்னு சொன்னப்ப பயமா இருந்திருக்காதா?"

"இருந்திருக்கும்டா."

"அப்ப எனக்கு அப்படி ஒன்னு வந்தா?"

பாதையில் வைத்துச் சொல்லிவிடுகிற பதில் இல்லை அது. முதலில் உன்னிடம் சொல்லிவிட்டு, பிறகு அவளிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன், கேள்.

அவளுக்கு முதல் நியமனம் எந்த மலையில் விழுந்தாலும், அந்தப் பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் நான் கூடப் போவேன். அங்கே இருக்கிற ஆசிரியர்களையும், அந்தத் தோட்டத்துத் தாய்மாரையும் அவளுக்குப் பழக்கி வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். ஒரு நாள் அவளும் யாருக்காவது முடியாது என்று சொல்ல வேண்டி வரும். சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பார்க்கும்போது, அங்கே ஆட்கள் நிற்பார்கள். அதற்கு நான் பொறுப்பு, ஸ்டெல்லா. நீ நிம்மதியாகத் தூங்கு.

உன் அனிஷாவுக்குச் சின்னம்மாவும்
உன் கூடப்பிறக்காத தங்கச்சியுமான
யோகேஸ்வரி